பகிடியும் வதையும்

சூடு மிதிக்கும் காலத்திலே, களவெட்டியில் இராத் தங்கும் இளைஞர் ஒருவரையொருவர் பகிடி செய்து களிப்பது நம் கிளிவெட்டியின் பழைய வழக்கம். அயர்ந்து உறங்குபவனின் செருப்பை வைக்கோற் போருக்குள் ஒளித்து வைப்பார்கள். அவன் எழுந்து தேடுவான். மற்றவர்கள் கண்ணை மூடிக் குறட்டை விடுவார்கள். விடியுமுன் செருப்பு அகப்பட்டுவிடும். சிரிப்பு மட்டும் மிஞ்சும். இன்றோ சூடு மிதிக்க எருதுகள் இல்லை. இயந்திரம் வந்து ஒரு பொழுதில் அறுத்து அடித்துத் தந்துவிட்டுப் போய்விடுகின்றது. ஆயினும் பகிடி மாத்திரம் ஒழியவில்லை. களவெட்டியை விட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்திருக்கின்றது, அவ்வளவே.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நம்மிடம் வந்து, "சேர், கூட்டாளியின்ர கொம்பியூட்டரில ஒருத்தருக்கும் பாதிப்பில்லாமச் செய்யக்கூடிய பகிடி ஏதும் சொல்லித் தாங்க" என்று கேட்டனர். ஆசிரியத் தொழில் புரிவோர் இதற்கு விடையிறுக்கலாமா என்று நேயர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். விடையிறுக்கத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. நாம் சொல்லாவிடினும் இளைஞர்கள் பகிடி செய்யத்தான் போகின்றார்கள். செய்வதைத் தீங்கறியாமற் செய்வதினும் அறிந்து செய்வது மேல் அன்றோ?

முதலாவது, எல்லாவற்றிலும் எளியது. கணினிச் சுட்டியின் அடிப்புறத்தில் சிறு துளை ஒன்று உண்டு. அதனூடே ஒளி வீசி, மேசைப் பரப்பிற் பட்டுத் திரும்புகின்றது. உள்ளே இருக்கும் நுண்ணிய ஒளிப்படக் கருவி அப்பரப்பை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவைகளுக்கு மேல் படம்பிடித்து, படத்துக்குப் படம் ஏற்படும் மாறுதலைக் கொண்டே சுட்டி எத்திசையில் நகர்ந்தது என்பதைக் கணிக்கின்றது. அத்துளையின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டால் சுட்டி குருடாகிவிடும். நண்பர் அதனை இழுப்பார், தட்டுவார், கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகுவார். கடைசியில் புரட்டிப் பார்ப்பார். அங்கே, "தேநீருக்கு நேரமாகிவிட்டது" என்று எழுதி வைத்திருந்தீர்களானால் அவரே முதலிற் சிரிப்பார்.

இரண்டாவது, ஆவிச் சுட்டி. கம்பியில்லாச் சுட்டி ஒன்றின் சிறு வாங்கியை நண்பருடைய கணினியின் பின்புறத்தே செருகிவிட்டு, சுட்டியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு எட்ட அமருங்கள். அவர் அம்புக்குறியை வலப்புறம் நகர்த்த, நீங்கள் இடப்புறம் நகர்த்தலாம். வீட்டிலே பேரன் பாட்டனாருக்குச் செய்யத் தக்கது இது. ஆனால் நகர்த்துவதோடு நின்றுவிட வேண்டும். எதனையும் அழுத்தித் திறக்கலாகாது. வாங்கியைப் பிடுங்கியதும் ஆவி அகன்றுவிடும்.

மூன்றாவது, பொய்த்திரை. திரையிற் காணும் சின்னங்களோடு முழுத் திரையையும் படம் எடுத்து, அப்படத்தையே பின்னணிப் படமாக வைத்து, உண்மையான சின்னங்களை மறைத்துவிடுவது. நண்பர் சின்னத்தை அழுத்துவார். ஓவியத்து மாங்கனியைக் கடிக்க முயன்றவர் கதைதான். இதற்கு அவருடைய கணினியைத் தொட நேர்வதால், அவர் வழக்கமாக உங்கள் கையில் அதனைத் தருபவராக இருத்தல் வேண்டும். கந்தோர்க் கணினியில் இது கூடாது. அது நண்பருடையது அன்று, கந்தோருடையது.

இம்மூன்றையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவை கணினியின் முகத்தோடு விளையாடுகின்றனவே அன்றி, அதன் நினைவோடு விளையாடவில்லை. நண்பர் எழுதி வைத்த ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஒரு நொடியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். செருப்பை வைக்கோலில் ஒளிக்கலாம், அறுத்துவிடக் கூடாது. இந்த நெறியை நாம் நூலிற் கற்றோமில்லை. பிழை செய்தே கற்றோம். அதனையும் மறையாது சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை ஒன்றில் நம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளைப் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்தார். பாமினியின் இயல்பு நம் நாட்டில் தமிழ் தட்டியோர் அனைவரும் அறிந்ததே. அதிலே கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துக்களை; தமிழ் உருவம் அவற்றின்மேற் போர்த்த போர்வை மாத்திரமே. எழுத்துருவை மாற்றினால் போர்வை நழுவி, "அம்மா" என்ற சொல்லும் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்க் காட்சி தரும். யுனிக்கோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டாதலால் இந்தச் சங்கடம் இல்லை.

நண்பர் தேநீர் அருந்தச் சென்ற வேளையில், நாம் அவருடைய வினாத்தாள் முழுவதையும் தெரிந்து, எழுத்துருவை மாற்றிவிட்டு அமைதியாக அமர்ந்திருந்தோம். ஒரு விசையால் மீளக்கூடிய மாற்றம் என்பது நம் துணிவு. திரும்பி வந்தவர் திரையைக் கண்டார், முகம் வெளிறினார். வைரஸ் புகுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று எவரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தனர். நாம் வாய் திறக்குமுன் சுவரிலிருந்த ஆளியை அணைத்துவிட்டார். சேமித்து வைக்காத நான்கு பக்கங்கள் போயின.

மறுநாட் காலை பரீட்சை. அவர் மீண்டும் தட்டி முடித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மூதூருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. நம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றோம். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. தம் வாயிலில் இறங்கிய பின்னர், "பகிடி எண்டா ரெண்டு பேரும் சிரிக்கோணும் சேர். இண்டைக்கு நீங்கள் மட்டும்தான் சிரிச்சனீங்கள்" என்றார். கடிந்து பேசியிருந்தால் அன்றே மறந்திருப்போம். அவர் கடியவில்லை, ஆதலால் இன்றளவும் மறந்தோமில்லை.

நம்முடைய பிழை நான்கு பக்கங்களோடு நின்றது. அப்படி நில்லாத பகிடிகளும் உலகில் உண்டு. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பாடசாலை மாணவன், நண்பர்களுக்குக் கொடுக்கும் விளையாட்டுத் தட்டுக்களிற் குறும்பு செய்து வைப்பது வழக்கம். இதனை அறிந்த நண்பர்கள் அவன் கையில் தட்டுக்களைக் கொடுக்க அஞ்சினர். கையிற் படாமலே பரவும் பகிடி ஒன்றை அவன் எண்ணினான். அப்பிள் 2 கணினியின் நினைவிலே தங்கி, அடுத்துச் செருகப்படும் தட்டிலே தன்னைத் தானே படியெடுக்கும் 'எல்க் குளோனர்' என்ற நிரலை எழுதினான். தொற்றிய தட்டைக் கொண்டு 50ஆவது தடவை கணினியைத் தொடக்கும்போது திரையில் ஒரு சிறு கவிதை தோன்றும். நோக்கம் அவ்வளவே. ஆயினும் அது முன்பின் அறியாதவர்களிடமும் பரவிற்று. ஆய்வகங்களுக்கு வெளியே பரவிய ஆதிக் கணினி வைரஸ்களுள் ஒன்றாக இன்று அது எண்ணப்படுகின்றது.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொறிஸ் இணையத்தில் விடுத்த நிரலோ இன்னும் பெரும் பாடம். எதனையும் அழிக்கும்படி அவர் அதனை எழுதவில்லை. எனினும், ஏற்கெனவே தொற்றிய கணினிகளிலும் அது மீண்டும் மீண்டும் புகும்படி அமைந்துவிட்டமையால், ஆயிரக்கணக்கான கணினிகள் பாரந் தாங்காது தளர்ந்தன. நீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது. தீங்கு நினையாமை வேறு, தீங்கு விளையாமை வேறு.

இவையெல்லாம் அந்நிய தேசத்துக் கதைகள் என்று நம் மாணவர்கள் எண்ணிவிடலாகாது. 2016ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில், நம் நாட்டின் ஜனாதிபதியாக அப்போது விளங்கிய மைத்திரிபால சிறிசேன அவர்களின் அதிகாரபூர்வ இணையத்தளத்துக்குள் எவரோ புகுந்து ஒரு செய்தியைப் பதித்திருந்தனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஏப்ரல் மாதத்தில், புத்தாண்டுக் காலத்தில் நடத்தும் தீர்மானத்தை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளுள் ஒன்று. இது தொடர்பாகக் கைதானவர்களுள் 17 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். பகிடி என்று முற்றாகக் கூறவியலாத செயல்தான். எனினும், இளமையின் துணிச்சல் ஒரு விசைப்பலகையிலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு எத்துணை விரைவிற் சென்றடையும் என்பதற்கு இதுவே சான்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், உரிமையில்லை என்று அறிந்தும் பிறர் கணினிக்குள் நுழைய முற்படுவதையே குற்றமாகக் கொள்கின்றது. தீங்கு நேர்ந்ததா என்பது அதன்பின் எழும் கேள்வி. ஆதலால், நண்பருடைய கடவுச்சொல் தற்செயலாகத் தெரிந்திருப்பினும் அதனைக் கொண்டு பகிடி செய்தல் வேண்டாம்.

பொருளிலும் ஓர் எல்லை உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதியைக் கண்டது நம் மாவட்டம். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் தேடி ஓடினர். அன்று பேரலை வரவில்லை. ஆனால் ஓடியவர்களின் நெஞ்சிலே அது வந்துதான் போயிற்று. போரினால் ஊரிழந்த சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் இடைத்தங்கல் முகாமில் வாழ்ந்த ஊர் நம் கிளிவெட்டி. மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவது எத்தகையது என்பதை இங்குள்ளோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மண்ணிலே பொய்யான ஆபத்து எச்சரிக்கையைத் திரையிற் காட்டுவது பகிடி ஆகாது. போலிப் பரீட்சைப் பெறுபேறும், போலி வேலைக் கடிதமும், போலி மரணச் செய்தியும் அவ்வாறே. ஒருவன் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பொருளில் விளையாடலாகாது.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. கணினிப் பகிடியில் ஒருவருடைய அறியாமை சற்றே வெளிப்பட்டு நகை பிறக்கின்றது, அதனால் தாழ்வில்லை. எள்ளல் மிகுந்து, அறியாதவரே மீண்டும் மீண்டும் இலக்காகும்போது அது வேறொன்றாக மாறிவிடுகின்றது. அதற்கு நம் நாட்டுத் தமிழிலே பெயரும் உண்டு: பகிடிவதை. கல்வி நிறுவனங்களில் அதனைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டில் 20ஆம் இலக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பகிடியும் வதையும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்பது, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எத்துணைச் சிறிது என்பதை நமக்கு நாள்தோறும் நினைவூட்டுகின்றது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பகிடி செய்யுங்கள். ஆனால் செய்வதற்கு முன் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனை ஒரு நொடியில் நீக்க முடியுமா? நண்பர் எழுதியது, சேமித்தது, காத்திருப்பது எதுவும் இதனாற் கெடாதா? உண்மை தெரிந்ததும் அவர் நம்மோடு சிரிப்பாரா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையாயின் தாளைக் கிழித்துச் சுட்டியின் அடியில் ஒட்டுங்கள். பகிடி முடியும்வரை அருகிலேயே இருங்கள்; நண்பர் கை மின்சார ஆளியை நோக்கிப் போகுமாயின் உடனே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நம் நண்பர் பின்னர் நம்மை மன்னித்தார். அடுத்த தவணையில் ஒருநாட் காலை, நம் சுட்டி அசைய மறுத்தது. புரட்டிப் பார்த்தோம். துண்டுத் தாளொன்றில், "முதலிற் சேமித்துக்கொள்ளுங்கள், சேர்" என்று எழுதி ஒட்டியிருந்தார். அன்று இருவரும் சிரித்தோம்.