மிதித்தவனுக்கு மாலை, படுத்தவனுக்குக் கூரை எங்கே?



மார்கழி பிறந்துவிட்டால் குற்றாலம் ரோட்டில் இரவு பகலாக ஐயப்ப பக்தர்களின் பஸ்ஸும் வேனும்தான். அருவியில் குளியல், கடைகளில் வியாபாரம், லாட்ஜுகளில் நெரிசல். நல்லது, நாலு சிறு கடைக்காரர்கள் பிழைக்கட்டும்! ஆனால் இரவு கடைகளைச் சாத்திய பிறகு அந்தத் திண்ணைகளில் சாக்கை விரித்துச் சுருண்டு கொள்கிறார்களே, அவர்கள் யார்? பிள்ளைகள் கைவிட்ட கிழவிகள். கைகால் ஓய்ந்துபோன கூலிக்காரர்கள். நேற்றுவரை நம்மோடு நாற்று நட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் வீசும் காற்றைப் புகழாத யாத்ரீகன் இல்லை. அந்த வாசலோரம் படுத்திருப்பவனிடம் கேளுங்கள், காற்றின் பெருமையை அவன் சொல்வான்!

இப்படிப்பட்டவர்களுக்காகப் பணம் திரட்ட நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பது உலகமெங்கும் ஒரு வழக்கமாகிவிட்டது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி வழியாகத் தென்காசிக்கு சுமார் 160 கிலோமீட்டர். பனியில் அத்தனை தூரம் மிதித்து வந்து ஒரு வாலிபன் கிழவிக்குக் கம்பளி போர்த்தினால், கைகூப்பி வரவேற்போம். மிதிப்பதின் வேதனை நமக்குத் தெரியாததல்ல. இரவு ஷிப்டு முடிந்து, கண் எரிய, பனியில் சைக்கிள் மிதித்து ஊர் சேருகிறவனல்லவா மில் தொழிலாளி! அவனுக்கு மட்டும் யாரும் கொடியசைப்பதில்லை.

நமது சண்டை மிதிக்கிற வாலிபனோடு அல்ல. கொடியசைத்து அனுப்பிவிட்டு, கடமை தீர்ந்ததென்று காரில் ஏறிப் போகிற கனவான்களோடுதான்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ‘பைக் அண்ட் பில்ட்’ என்ற அமைப்பின் வாலிபர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு சைக்கிள் மிதித்து வீடு கட்டப் பணம் சேர்த்தார்கள். நல்ல உள்ளம்தான். ஆனால் 2024 ஜனவரியில் ஓர் இரவு அந்நாட்டு சர்க்காரே எடுத்த கணக்கில் வீடற்றோர் 7,71,480 பேர்! முந்திய ஆண்டு சுமார் 6,53,000. உலகத்துக்கே கடன் கொடுக்கிற டாலர் ராஜ்யத்தின் லட்சணம் இது. வாடகை ஏறுகிற வேகத்துக்கு எந்த சைக்கிள் ஈடுகொடுக்கும்?

நம் நாட்டிலும் ஒரு நெடும்பயணம் நடந்தது, மறந்துவிட்டோமா? 2020 ஊரடங்கில் வேலையும் போய், வாடகைக்கு இருந்த அறையும் போன தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் சைக்கிள் மிதித்தார்கள். குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு, அடிபட்ட தகப்பனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். அமெரிக்க ஜனாதிபதியின் மகள் அதை ஒரு சாகசமென்று புகழ்ந்தாள்! சைக்கிள் சம்மேளனம் பயிற்சிக்கு அழைத்தது! அந்தப் பெண்ணை ரோட்டில் இறக்கிவிட்டது யார் என்று மட்டும் எந்தச் சீமாட்டியும் கேட்கவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி பூசா ரோடருகே ஏழைகளின் இரவுக் கொட்டகையை மாநகராட்சியே இடித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டுமென்று 2010-ல் உத்தரவு வந்தது. அந்த அளவுகோலைத் தென்காசியில் வைத்துப் பாருங்கள். 2011-ல் நகராட்சியின் ஜனத்தொகை சுமார் 70 ஆயிரம். அப்படியானால் முக்கால் காப்பகமா? குற்றாலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்போர் சில ஆயிரம் பேர்தான். வந்து ஒதுங்குகிற அநாதைகளோ எந்தக் கணக்கிலும் இல்லை. பக்தர்களை லட்சக்கணக்கில் எண்ணத் தெரிந்தவர்களுக்கு இவர்களை எண்ணத் தெரியாதா?

கிராமத்தில் குடிசைவாசிக்கு வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும் கனவு இல்லத் திட்டம் 2024-ல் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு மனை வேண்டும், பட்டா வேண்டும். கடைத் திண்ணைக்கு யார் பட்டா கொடுப்பார்கள்?

தர்மத்தால் நிலமும் வீடும் கிடைக்கும் என்றால் எப்போதோ கிடைத்திருக்கும். 1951-ல் வினோபா பாவே போச்சம்பள்ளியில் பூதானம் தொடங்கினார். சைக்கிள்கூட இல்லை, கால்நடையாகவே நாடெங்கும் நடந்தார், பாவம். மிராசுதார்கள் தந்ததில் பாறையும் வழக்கும் எவ்வளவு என்பது ஊரறிந்த கதை. குடியிருந்த மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்ற 1971-ஆம் ஆண்டுச் சட்டம் யாரும் போட்ட பிச்சையல்ல. கீழத்தஞ்சையில் அடிபட்டு, சிறைபட்டு, வெண்மணியில் வெந்தும் மடிந்தவர்களின் போராட்டத்தால் வந்தது.

தை பிறந்து மகரஜோதி முடிந்ததும் ஐயப்பன் கூட்டம் கலைந்துவிடும். அதன்பின் வைகாசிக் கடைசியில் சாரல் விழும்வரை குற்றாலத்து விடுதி அறைகளில் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கும். சர்க்கார் விடுதிகளும் அப்படித்தான். தையும் மாசியும் பனி கொட்டுகிற மாதங்கள். பூட்டிய கதவுக்கு வெளியே படுத்து மனிதன் நடுங்க வேண்டுமா? அந்த அறைகளில் ஒரு பகுதியைத் திறந்துவிடு! ஒருவேளை கஞ்சியும் ஒரு டாக்டரும் ஏற்பாடு செய்! தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சேர்த்து நிரந்தரக் காப்பகம் கட்டு! ஜனத்தொகை அளவுகோலைத் தூக்கி எறி!

தென்காசி 2019 முதல் தனி ஜில்லா. கலெக்டர் ஆபீஸ் வேறு ஊரில் இல்லை, இங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். கடையநல்லூர், பாவூர்சத்திரம், கடையம், செங்கோட்டை, எந்த ஊரானாலும் நம்மிடம் சைக்கிள் இருக்கிறது. திண்ணையில் படுப்பவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மனுவை அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும்.