ஐந்தொகையில் தெரியாத ஒரே பயிர்

அமராவதிபுதூர் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மா, இலங்கை, மலேயா சென்று வட்டிக்கடை நடத்திய நகரத்தாரின் கணக்குமுறை, ஒழுங்கான சேமிப்பைப் பற்றி முதலீட்டு ஆலோசகர்கள் இன்று எடுத்துரைப்பவற்றுள் பெரும்பாலானவற்றை முன்பே நடைமுறையில் கொண்டிருந்தது. அம்முறை எதுவரை காத்தது, எவ்விடத்தில் கைவிட்டது என்னும் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே இத்துறையினருக்குப் பயன் தரும்.

பெட்டியடிப் பையனாகக் கடையில் நுழைந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் கடல் கடந்தார். கணக்கு முடிந்து ஊர் திரும்பியதும் சம்பளத்தில் மிஞ்சியதை முதலாளியின் கடையிலோ உறவினர் கடையிலோ வட்டிக்கு விட்டு, சில கணக்குகள் கழிந்தபின் அதையே முதலாகக் கொண்டு சொந்தக் கடை வைத்தவர் பலர். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய பணத்திற்கான நடப்பு வட்டியை ரங்கூன் நகரத்தார் மாதந்தோறும் கூடி முடிவு செய்தனர். குறித்த மாதங்களுக்கு விடப்படும் பணத்திற்குத் தவணை வட்டி தனியே இருந்தது. பெண்களுக்கு உரிய சீதனம் ஆச்சிமார் பணம் என்ற பெயரில் தனிக் கணக்காக நின்று வட்டியோடு வளர்ந்தது. முதல், வரவு, செலவு, ஆதாயம், இருப்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கே நிறுத்திக் காட்டும் ஐந்தொகை எழுதப்படாமல் எந்தக் கணக்கும் முடிந்ததாகக் கருதப்படவில்லை என்பதில்தான் அவ்வொழுங்கின் வலிமை இருந்தது.

தொடாத பணத்தின் வளர்ச்சியை இன்றைய கணக்கிலும் காட்டலாம். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுதோறும், ஆண்டின் தொடக்கத்திலேயே, உச்சவரம்பான ரூ.1.5 லட்சம் செலுத்தி வருபவருக்கு, 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள 7.1 சதவீத வட்டி மாறாதிருப்பதாகக் கொண்டால், 15 ஆண்டு முடிவில் ஏறக்குறைய ரூ.40.7 லட்சம் சேரும்; அதில் வட்டி ரூ.18 லட்சம். ஐந்தைந்து ஆண்டுகளாக இருமுறை நீட்டித்துச் செலுத்தி வந்தால் 25ஆம் ஆண்டில் தொகை ரூ.1.03 கோடியாகும், கடைசிப் பத்தாண்டின் வட்டி மட்டுமே ரூ.47 லட்சத்தைத் தாண்டும். பாதியில் கணக்கை முடிக்க விரும்பும் வாடிக்கையாளரிடம் வைக்கத்தக்க வலுவான வாதம் இதுவே.

ஆனால் ஒழுங்கு மட்டும் போதாது என்பதற்குப் பர்மாவே சான்று. 1929-30இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்கள் ஈடுபடுத்தியிருந்த பணத்தை ஏறக்குறைய ரூ.75 கோடி என மதிப்பிட்டது. கடைகள் வேறு, கடன்காரர்கள் வேறு, ஊர்கள் வேறு என்பதால் ஐந்தொகையில் அது நன்கு பரவிய முதலீடாகவே தோன்றியிருக்கும். எனினும் அதன் பெரும்பகுதி ஐராவதிச் சமவெளியின் நெல் என்னும் ஒரே பயிரின் விலையைச் சார்ந்து நின்றது. 1930-களின் தொடக்கத்தில் அவ்விலை சரிந்தபோது கடன்கள் ஒருங்கே முறிந்தன. முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதமாக இருந்து 1937க்குள் 25 சதவீதமானது. வேண்டிச் சேர்த்த சொத்தாக அல்லாமல் வாராக் கடனின் மறுவடிவாகவே அந்நிலம் வந்தது; 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் நில தேசியமயச் சட்டமும் அதையும் எட்டாததாக்கின. முன்கூட்டியே மூலதனத்தைத் திருப்பிய பள்ளத்தூர் ஏ.எம்.எம். குடும்பத்தாரோ 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கும் நிலையில் இருந்தனர்.

இன்று மாதந்தோறும் எஸ்.ஐ.பி. செலுத்துபவர், அதாவது குறித்த தொகையைக் குறித்த நாளில் பரஸ்பர நிதியில் இடுபவர், ஐந்து நிதிகளை வைத்திருந்தும் அவ்வைந்தும் அதே வங்கிப் பங்குகளையும் அதே மென்பொருள் பங்குகளையும் கொண்டிருப்பது அரிதன்று. அவருடைய வேலையும் மென்பொருள் நிறுவனத்தில், வீட்டுக்கடனும் அந்தச் சம்பளத்தின் பேரில் என்றால், நிதிகளின் எண்ணிக்கையைக் காட்டி அவருக்கு ஆறுதல் சொல்வது ஆலோசகரின் கடமைத் தவறாகும். ஆகவே இவ்வாண்டுக் கணக்கு முடிக்கும்போது, வாடிக்கையாளருக்கு ஈட்டிய சதவீதத்தைக் காட்டுமுன், அவருடைய சம்பளம், வீடு, நகை, நிதி ஒவ்வொன்றும் எதை நம்பி நிற்கிறது என்பதற்கு ஐந்தொகையின் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து எழுதுமாறு இவ்விதழ் தன் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறது.