உபகாரச் சம்பளமும் எல்லைப்புறத்துச் சட்ட மாணவனும்

சட்டக் கல்லூரி மாணாக்கருக்கென ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் கட்டுரைப் போட்டிகளின் தலைப்புகள் செயற்கை நுண்ணறிவு, சர்வதேச நடுவர் மன்றம், விண்வெளிச் சட்டம் என்று திசையெல்லாம் சஞ்சரிக்கின்றன. ஆனால் பாறசாலையிலிருந்தோ நெய்யாற்றின்கரையிலிருந்தோ திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பிள்ளை தன் ஊரை வைத்து எழுதத்தக்க விஷயம் ஒன்றேனும் அவற்றில் உண்டா என்று நம் வழக்கறிஞர் சங்கத்தார் கேட்டதாகத் தெரியவில்லை.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லை வகுத்தவர்கள் குடும்பங்களையும் பாகப்பத்திரங்களையும் பார்த்து வகுக்கவில்லை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த நீர் 2004-இல் நின்றுபோக, தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நெய்யாறு இரு மாநில நதியா, அன்றா என்பதே அங்கே வாதம். இன்னும் அண்மையது, பாறசாலை இளைஞர் ஒருவர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கு. நஞ்சு கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டுப் பகுதி வீட்டில்; உயிர் பிரிந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்; 2025 ஜனவரியில் தண்டனை விதித்தது நெய்யாற்றின்கரைக் கூடுதல் செஷன்ஸ் கோர்ட். செயல் ஓரிடத்திலும் விளைவு பிறிதோரிடத்திலும் நிகழுமாயின் ஈரிடத்து நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் உண்டு என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 199-ஆம் பிரிவாக நிற்கிறது. அதனைக் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைத் தினமும் கடக்கிற மாணவனைவிட யார் நன்றாக விளக்கிவிட முடியும்?

பாஷைப் பிரச்சினை வேறு. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பு யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பது நல்ல ஆராய்ச்சிக்குரிய பொருள். வக்கீல் ஆபீஸிலோ, மலையாளத்தில் தயாரான பிராதை ஜூனியர் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகையில், கைநாட்டு வைக்க வந்த கிழவி இடைமறித்து, “வடக்கே அதிரு ஆருக்க பறம்புண்ணு போட்டிருக்கு, மக்களே?” என்று கேட்கிறாள்; சொத்து விவரத்தில் இருந்த பிழை அப்போதுதான் அகப்படுகிறது. சதர் கோர்ட்டின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிய முன்சீப் வேதநாயகம் பிள்ளை இந்தச் சாமர்த்தியத்தின் மதிப்பை அறிந்திருப்பார். நம் போட்டி நடுவர்கள் அறிந்ததாகத் தோன்றவில்லை.

பண விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். வழக்கறிஞராகப் பதிவுசெய்யும் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது பேருதவி. அதே ஆண்டு அக்டோபரில் கிராமப்புற ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் சொன்னது அறிவுரையே. நம்மில் எத்தனை பேர் கொடுக்கிறோம் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறேன்.

கொல்லம் மாவட்டத்துக் குளத்தூப்புழையில் பிறந்த ஷம்நாத் பஷீர், ஆங்கிலத்திலேயே நடக்கும் சட்ட நுழைவுத்தேர்வு ஏழைப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதைக் கண்டு, 2010-இல் ‘இடியா’ என்னும் அமைப்பைத் தொடங்கிப் பயிற்சியும் உபகாரச் சம்பளமும் கிடைக்க வழிசெய்தார். 2019-இல் அவர் அகால மரணமடைந்தபின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய கட்டுரைப் போட்டி ஒன்று 2020 முதல் அவர் பெயரால் நடந்துவருகிறது. உபகாரச் சம்பளம் மாணவனைக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விடும். எழுதிப் பழகினால்தான் அவன் கோர்ட்டில் நிற்பான். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஆகவே நெய்யாற்றின்கரை, குழித்துறை வழக்கறிஞர்கள் கூடி, எல்லைப்புறச் சட்டப் பிரச்சினைகளைப் பற்றித் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய எம்மொழியிலும் எழுதத்தக்க போட்டி ஒன்றை நடத்த வேண்டுமென்பது எமது கருத்து. நுழைவுக் கட்டணம் கூடாது. தோற்ற கட்டுரையும் ஒரு சீனியரின் திருத்தங்களோடு மாணவனுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். பரிசுத் தொகையைவிட அதுவே முக்கியம். அவ்வாறு திருத்திக் கொடுக்க இசையும் வக்கீல்கள், எந்தெந்த மொழியில் பார்க்க இயலும் என்பதையும் குறிப்பிட்டு, ஓணம் விடுமுறைக்கு முன் எமக்கு எழுத வேண்டுகிறோம்.