உடைந்த திரையும் உடையவர் உரிமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலையருகிலோ கம்பி உருட்டும் ஆலையிலோ இரவு ஷிப்டு முடித்து வெளியே வரும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலிருந்து ஸ்மார்ட்போன் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து திரை உடைந்துபோகுமானால், சம்பளம் வந்ததா என்று பார்க்கவும், வைப்பு நிதிக் கணக்கைத் திறக்க வரும் ஓ.டி.பி.யைப் படிக்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் தாயின் முகத்தைக் காணவும், திரும்பிப்போக ரயில் டிக்கெட் எடுக்கவும் அவருக்கு இருந்த ஒரே சாதனம் அந்த க்ஷணத்தில் பயனற்றதாகிவிடுகிறது. போனின் உள்ளே இருக்கும் மூளையும் பேட்டரியும் பழுதின்றி வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன; பார்க்கவும் தொடவும் உதவுகிற மேற்பரப்பு ஒன்றே போய்விட்டது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அதற்குக் கேட்கிற தொகையோ, போன் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்காகவும் சில மாதிரிகளுக்கு ஏறக்குறையப் பாதியாகவும் இருக்கிறது. அந்தச் சந்தர்ப்பத்தில்தான், இதை நாமே வீட்டில் மாற்றிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுகிறது.

இந்த எண்ணத்தை அசட்டுத் துணிச்சல் என்று தள்ளிவிடுவதற்கில்லை என்பது என் அபிப்பிராயம். திரை மாற்றுவது பழகிய கைக்குச் சாத்தியமான வேலை. அதைச் சாமானியருக்கு எட்டாததாக ஆக்கியிருப்பது பாகமும் விவரமும் நியாயமான விலையில் கிடைக்காத நிலைமையே என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பழுது எங்கே இருக்கிறது என்று நிதானமாக நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். திரை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது, மேலே பாதுகாப்புக் கண்ணாடியும், அதன் கீழே விரலின் ஸ்பரிசத்தை அறியும் டச் அடுக்கும், அதற்கும் கீழே உருவம் காட்டும் பலகையுமாகப் பசையால் ஒட்டப்பட்ட அடுக்கு. கண்ணாடி மட்டும் கீறியிருந்தால் படமும் தெரியும், தொடுவதும் வேலை செய்யும். திரை முழுவதும் கறுத்துவிட்டு, ரிங்டோன் மட்டும் கேட்குமானால், இருட்டறையில் டார்ச் ஒளியைச் சாய்வாக அதன்மேல் அடித்துப் பார்க்க வேண்டும்; எல்.சி.டி. வகையாயின், மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் பலகை உயிரோடிருக்கிறது, பின்னொளிதான் போயிற்று என்று அறியலாம். கோடுகள் விழுந்திருந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிப் பார்ப்பது மிகவும் எளிய பரீட்சை: அங்கே கோடு தெரியாவிட்டால் குற்றம் திரையினுடையது, தெரிந்தால் உள்ளே இருக்கும் மென்பொருளையோ போர்டையோதான் சந்தேகிக்க வேண்டும். தொடாமலே தானாக எழுத்துகள் விழுகிற தொல்லை சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் வருமாயின், மட்டமான சார்ஜரை மாற்றிப் பார்த்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை. ஆமோலெட் திரையில் மேலிருந்து கீழ்வரை நெடுகத் தோன்றுகிற பச்சைக் கோட்டுக்குச் சில நிறுவனங்கள் இந்தியாவில் இலவசமாகவே திரை மாற்றித்தர முன்வந்ததுண்டு. ஆதலால் அந்தக் கோட்டைக் கண்டவர் போனைத் திறக்குமுன் அதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

திரைதான் போயிற்று என்று நிச்சயமானபின், உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் முதலில் காப்பாற்ற வேண்டும். படம் தெரிந்து டச் மட்டும் செத்திருந்தால், ஓ.டி.ஜி. முனை வழியாக ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி தோன்றும். அதைக்கொண்டே அனைத்தையும் நகல் எடுத்துவிடலாம். பிறகு பேட்டரியைக் கால்பங்குக்குக் கீழே இறங்கவிட்டு அணைத்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரியில் தவறிக் கத்தி பட்டால், நிறையச் சார்ஜ் இருப்பதைவிடக் குறைவாக இருக்கையில் அபாயம் குறைவு.

திறக்கும் வேலையில் பொறுமையே பாதி சாமர்த்தியம். ஹேர் டிரையரை விளிம்பெங்கும் மெதுவாகக் காட்டிப் பசை இளகியபின், மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, இரண்டொரு சொட்டு ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) விட்டு, சுற்றிலும் இழுத்துக்கொண்டே வர வேண்டும். இரும்பு பிளேடை நுழைத்தவர்கள் கைரேகை உணரியின் நாடாவையோ பொத்தான் நாடாவையோ அறுத்துவிட்டுப் பின்னால் வருந்துகிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முதலில் பின்மூடி, அப்புறம் பேட்டரி இணைப்பு, அதன்பிறகே திரை; ஐபோன்களில் நெடுங்காலமாகத் திரைப்பக்கமே வாசல். எந்தப் போனாயினும் பேட்டரி இணைப்பைப் பிரிப்பதற்கு முன் திரையின் இணைப்பைத் தொடலாகாது. கழற்றும் திருகாணிகள் எள்ளளவே இருந்தாலும் நீளத்தில் ஒன்றுக்கொன்று மாறுபடும். குட்டைத் திருகாணி இருந்த துளையில் நீளமானதை முடுக்கிவிட்டால் அது கீழே போர்டின் அடுக்குகளைத் துளைத்து, திரை உடைந்த போனை ஒரேயடியாகச் செத்த போனாக்கிவிடும். ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் போனின் உருவத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டுநாடாவில் ஒட்டிவைப்பது தேர்ந்த மெக்கானிக்குகளும் கைவிடாத பழக்கம். புதிய திரையின் இணைப்பு, சட்டையின் பிரஸ் பட்டன்போல, இருபுறமும் சமமாக அழுத்தினால் சன்னமாக ஒரு சத்தத்தோடு அமரும். பசை போடுவதற்கு முன்பே போனை இயக்கி, நான்கு மூலைகளிலும் விரலை ஓட்டி, நிறங்களையும் பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பின் குறை தெரிந்தால் அந்தத் திரையை முழுசாக மீட்பது அரிது.

கும்மிடிப்பூண்டிக்கென்று ஒரு விசேஷத் தொல்லையும் உண்டு. உருக்காலைகளும் உருட்டாலைகளும் சூழ்ந்த அந்தப் பிரதேசத்தில் காற்றில் மிதக்கும் தூசியில் இரும்புத்துகளும் கலந்திருப்பதால், போனைத் திறந்தமாத்திரத்தில் ஸ்பீக்கரில் உள்ள காந்தம் அதை இழுத்துக்கொள்கிறது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காருவதே உசிதம். விளிம்பு வளைந்த திரையுள்ள போனையும், பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கும் போனையும் புதிதாகப் பழகுபவர் வீட்டில் தொடவே வேண்டாம். நீர் புகாத வகை என்று விற்கப்பட்ட போனை ஒருமுறை திறந்துவிட்டால் அந்தக் காப்பு பழையபடி இருக்கும் என்று நம்புவதற்கில்லை. கீறலைப் பற்பசையால் தேய்ப்பதும், நனைந்த போனை அரிசிப் பானையில் புதைப்பதும் நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட வைத்தியங்கள். முன்னது கண்ணாடியின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். பின்னதால் துகள் உள்ளே போய்க் கெடுதல் நேரும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கும் எதிரே வந்து நிற்கிற பெரிய இடைஞ்சல் பாகம். திருவள்ளூரிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ புறநகர் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போய் 'டிஸ்பிளே காம்போ' கேட்டால், 'ஒரிஜினல்' என்றும், 'கம்பெனி ஒரிஜினல்' என்றும், 'ஓ.ஜி.' என்றும், 'காப்பி' என்றும் பல தினுசுகள் பல விலைகளில் எடுத்துவைக்கப்படும். எந்தப் பொட்டலத்திலும் தயாரித்தவர் பெயரும் அச்சிட்ட விலையும் உத்தரவாதமும் ஒருசேரக் காண்பது அரிது. கடைக்காரரைக் குறைகூற நான் துணியமாட்டேன். நிறுவனம் அவருக்கு அசல் பாகத்தை விற்காதபோது, சீனத்திலிருந்து வருவதைத்தான் அவர் விற்க முடியும். அந்தத் திரையைப் பொருத்தியபின் நிறம் மங்குவதும், திரைக்குள் இருக்கும் கைரேகை உணரி மறுப்பதும், அசல் பாகமன்று என்ற அறிவிப்பு வருவதும் சகஜம். 2021-ல் ஐபோன் 13 வந்த புதிதில், வெளியே திரை மாற்றினால் முகமறியும் வசதியே நின்றுபோயிற்று. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின் ஆப்பிள் மென்பொருளைத் திருத்தியது. பாகத்தையும் போர்டையும் மென்பொருளால் ஜோடி சேர்த்து, மூன்றாமவர் கை பட்டால் முடக்குவது பொறியியல் நிர்ப்பந்தமன்று என்பதற்கு அந்தத் திருத்தமே சாட்சி.

இந்நிலைமை வேறெங்கோ நடந்தால் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் நம்முடைய பிரதேசமோ போன் பிறக்கும் பிரதேசம். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை கோடிக்கணக்கில் போன்களைச் செய்து அனுப்பியது. அந்தப் போன்களின் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை எடுக்கலாம், நான்கைந்து திருகாணிகளைக் கழற்றிப் பலகையை மாற்றலாம். அதே ஊரில் 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர் தங்கியிருந்தது திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லிப் பக்கத்து விடுதிகளில் என்பதை, 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சகதொழிலாளிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது நாடே அறிந்தது. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான போன்கள் கடந்துபோகும் வரிசையில் நின்று நுணுக்கமான பாகங்களைக் கையாளும் அந்தப் பெண், தன் போனின் திரை உடைந்தால் அதே மாதிரிப் பாகத்தை உரிய விலைக்கு வாங்கித் தானே பொருத்திக்கொள்ள வழியில்லாமலிருப்பதை எந்த நியாயத்தால் சமாதானப்படுத்துவது? 2022 ஏப்ரலில் அமெரிக்காவிலும், அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் ஆப்பிள் நிறுவனம் பாகமும் கருவியும் கையேடும் உபயோகிப்பாளருக்கே விற்கத் தொடங்கியபோது, அந்த வரிசையில் இந்தியா இடம்பெறவில்லை.

கழற்றிப் பார்த்துக் கற்பது நமக்குப் புதிதுமன்று. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டு மீண்டும் பூட்டித் தொழில் கற்ற கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை நாம் மேதை என்று போற்றுகிறோம். அவர் பிரித்த வண்டி அவர் பிரித்ததற்காக ஓட மறுக்கவில்லை.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை நிதி கரே தலைமையில் அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் கைபேசியும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. பின்னர் பரத் கேரா தலைமையிலான மற்றொரு குழு, கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் ஐந்து புள்ளி அளவில் பழுதுபார்ப்புக் குறியீடு வேண்டும் என்று 2025 மே மாதத்தில் அறிக்கை தந்தது. எவ்வளவு எளிதில் பிரிக்கலாம், கையேடு கிடைக்கிறதா, பாகம் காலாகாலத்தில் வருகிறதா, எத்தகைய கருவியும் திருகாணியும் வேண்டும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை காலம் என்பனவெல்லாம் அதன் அளவைகள். முக்கிய பாகங்களின் பட்டியலில் பேட்டரியோடு திரையும் இருக்கிறது. பிரான்ஸ் தேசம் 2021 ஜனவரியிலேயே இத்தகைய குறியீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டுகள் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் பாக ஜோடிப்பையே 2024-ல் சட்டத்தால் தடுத்தது. நம் குழுவின் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிடலாகாது. குறியீடு மட்டும் வந்தாலும் போதாது; ஐந்துக்கு நான்கு என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டுவிட்டுத் திரையைக் கடையில் விற்காத நிறுவனத்தால் உடைந்த போன்காரருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

ஜோடிப்பு இல்லாவிட்டால் திருட்டுப் போன்களைப் பிரித்துப் பாகமாக விற்பார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம், திருடுபோனதாகப் பதிவான பாகத்தை மட்டும் மறுப்பது. வாங்கிய பாகத்தை எல்லாருக்கும் மறுப்பதன்று. அபாயம் என்ற வாதத்துக்கோ, எச்சரிக்கையும் படமும் கூடிய கையேட்டைத் தமிழில் வெளியிடுவதே தக்க பதில். வீட்டில் செய்யத் துணியாதவர் பஜாரில் உள்ள சிறு கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரர் கையிலும் அதே கையேடும் அசல் பாகமும் இருந்தால் இருவருக்கும் க்ஷேமம்.

அன்றியும், திரை மாற்ற முடியாமல் ஒதுக்கப்பட்ட போன் எங்கே போகிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே மின்னணுக் கழிவைப் பிரிக்கும் அனுமதி பெற்ற ஆலைகள் இருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீது பொறுப்பைச் சுமத்தியிருப்பதும் நல்லதே. ஆயினும் நல்ல போர்டையும் நல்ல கேமராவையும் நொறுக்கிச் செம்பும் தங்கமும் எடுப்பதைவிட, ஒரு திரையை மாற்றி அந்தப் போனை இன்னும் மூன்றாண்டு ஓட்டுவது எவ்வளவோ மேல். அனுமதியில்லாத கிடங்குகளில் எரித்துப் பிரிக்கும்போது எழும் புகையை அந்தச் சுற்றுவட்டாரக் குழந்தைகள்தாம் சுவாசிக்கின்றன.

ஆகவே என் கோரிக்கை மாநில அரசிடமும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான யூசான் டெக்னாலஜியின் 13,180 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 2024 அக்டோபரில் தமிழக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திரைத் தொகுப்புகளே அதன் பிரதான உற்பத்தி என்று சொல்லப்படுகிறது. நிலமும் மின்சாரமும் சலுகையும் கொடுக்கிற அரசு, அத்தகைய ஆலைகளோடும் அவற்றிடம் வாங்கும் போன் நிறுவனங்களோடும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம்: இங்கே செய்யப்படும் திரைகளில் ஒரு பங்கு, அச்சிட்ட விலையோடும் ஓராண்டு உத்தரவாதத்தோடும், திருவள்ளூர் உள்ளிட்ட அண்டை மாவட்டங்களில் கேட்கும் எவருக்கும் சில்லறையாக விற்கப்பட வேண்டும், அதைப் பொருத்தும் முறை நிறுவனத்திடமிருந்து கட்டணமின்றித் தமிழில் கிடைக்க வேண்டும், பொருத்தியபின் செய்ய வேண்டிய அளவுத்திருத்தம் போனிலேயே திறந்திருக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்த ஷரத்தை எழுதிக்கொள்வதற்குத் தில்லியின் அனுமதி வேண்டியதில்லை.