பட்டிக்காரருக்கும் ஓர் ஆசனம்

காலபோகம் தொடங்குமுன் குளத்துக்குக் குளம் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எத்தனை ஏக்கர் விதைப்பது, விதைப்பை எந்த நாளில் முடிப்பது, துருசை எப்போது திறப்பது, வேலியை எப்போது அடைப்பது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானமாகும். அவற்றோடு இன்னொரு தீர்மானமும் வரும்: இன்ன திகதிக்கு முன் கால்நடைகளை வயற்பரப்பிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அந்தத் தீர்மானத்தில் திகதி இருக்கும், இடம் இருக்காது. மாடுகளை எங்கே கொண்டுபோவது என்று கூட்டம் சொல்வதில்லை. சொல்லும் அதிகாரமும் அதற்கு இல்லை. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அந்தக் கூட்டத்தை வயற்காணி உரித்தாளர்களின் கூட்டமாகவே வகுத்தது. கையுயர்த்தும் உரிமை காணி உள்ளவருக்கு. பட்டி வைத்திருந்து காணி இல்லாதவர் பின்வரிசையில் நின்று திகதியைக் கேட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சற்காரருக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. மொங்கோலியா முன்மொழிய, 2022 மார்ச்சில் நிறைவேறிய தீர்மானம் அது. இத்தகைய ஆண்டுகளில் அரசுகள் சபை அமைக்கும், கொள்கை எழுதும். இலங்கையிலும் மேய்ச்சல் தரைகளைக் காக்க ஒரு சபை வேண்டும் என்பதில் எமக்கு மறுகருத்து இல்லை. ஆனால் அந்தச் சபையில் யார் யார் இருப்பார்கள் என்பதுதான் முதற் கேள்வி. முல்லைத்தீவு மாவட்டத்தின் உடையார்கட்டிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எம்மவர் இல்லாத சபைகள் எழுதிய முடிவுகளின் கீழ் வாழ்ந்து பழகிய ஊர் இது.

மாடு இங்கே ஒரே இடத்தில் நின்று மேய்வதில்லை. மாரியில் வயலெல்லாம் விதைத்துக் கிடக்கையில் பட்டிகள் காட்டோரத் தரவைகளுக்கும் மேட்டு வெளிகளுக்கும் போகும். மாசி, பங்குனியில் அரிவி வெட்டு முடிந்ததும் வயலுக்கு இறங்கி, தாளைத் தின்று எருவைப் போட்டுவிட்டுப் போகும். கோடையில் குளம் வற்ற வற்ற அலைகரையில் புல் கீழிறங்கும், மாடும் அதன் பின்னால் இறங்கும். நாட்டு மாடு தரும் பால் சொற்பம். ஒன்றோ இரண்டோ லீற்றர் கறப்பதற்கு அதைத் தொழுவத்தில் கட்டித் தீவனம் வாங்கிப் போட எந்தக் குடும்பத்துக்கும் கட்டாது. வெளியில் மேய்ந்தால்தான் அது பிழைக்கும், அதை வைத்திருப்பவரும் பிழைப்பார். அந்த வெளிகளை வெளிகளாக வைத்திருந்ததும் மாட்டின் வாய்தான். மேய்ச்சல் நின்ற இடத்தில் சில மாரிகளுக்குள் பற்றை எழும்பிவிடும்.

இந்த மண்ணில் அப்படித்தான் நடந்தது. 2009 ஜனவரியில் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம் பகுதிகளைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். அந்த வலயத்துக்குள்ளும் எறிகணை விழுந்தது. சனம் பட்டிக் கதவைத் திறந்துவிட்டுக் கிழக்கே ஓடியது. குறிசுட்ட மாடுகள் ஆளில்லாமல் அலைந்தன. மீளக்குடியேற ஆண்டுகள் ஆகின. திரும்பி வந்தபோது மேய்ச்சல் வெளிகளிலும் விட்டுப்போன மேட்டுக் காணிகளிலும் பற்றை ஆளுயரம் வளர்ந்திருந்தது. வன்னியின் பல இடங்களில் அதைக் காடாகக் கணக்கிட்டு வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது. போர் துரத்தியதால் ஆளில்லாமல் போன நிலத்தை, ஆளில்லாத நிலம் என்று வரைபடத்தில் பதிந்த செயல் அது. இதை எழுதும்போது எமக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

மேய்ச்சல் தரை என்று ஒன்று உண்டு என்பது அரசுக்குத் தெரியாததல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை எந்தெந்தத் தேவைகளுக்கு ஒதுக்கிப் படம் வரையலாம் என்று பட்டியலிடுகிறது. கிராம விரிவாக்கம், கிராமக் காடு, அடுத்ததாகக் கிராம மேய்ச்சல் தரை. குடியேற்றத் திட்டங்கள்கூட அதற்குப் பின்னர்தான் வருகின்றன. ஆனால் காட்டுக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டமும் திணைக்களமும் உண்டு. வனசீவிகளுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டமும் திணைக்களமும் உண்டு. குளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. நெல்லுக்கு 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் அதன்கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகளும் இருக்கின்றன. மாட்டுக்கு இருப்பது 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம். அது குறிசுடுவதையும் இறைச்சிக்கு வெட்டுவதையும் ஒழுங்குபடுத்துகிறது. மாடு யாருடையது என்று கேட்கும் சட்டம், அது எங்கே மேயும் என்று கேட்கவில்லை.

ஆகவே காடும் சரணாலயமும் குடியேற்றமும் ஒவ்வொன்றாக எல்லை கீறிக்கொள்ள, மிஞ்சியதே மேய்ச்சல் தரை என்றாயிற்று. 1938இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமானது. பறவைகளும் களப்பும் காக்கப்பட வேண்டும். அதில் எமக்கு வழக்கில்லை. ஆனால் களப்போரப் புல்லில் தலைமுறையாக மாடு விட்டவருக்கு, எல்லை கீறும் மேசையில் ஓர் இடம் தரும்படி அந்தச் சட்டங்கள் எதுவும் சொல்லவில்லை. வர்த்தமானி வந்த பின்தான் அவருக்குச் சேதி. அதன்பின் அவருடைய மாடு அத்துமீறிய மாடு.

2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களும் அதில் உண்டு. கடுங்குளிர்தான் காரணம் என்றார்கள். அது சரி. ஆனால் டிசெம்பரில் பட்டிகள் எந்த நிலத்தில் நின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வயல் மூடிய காலம். குளம் நிரம்பி அலைகரைப் புல் தண்ணீருக்குள் போன காலம். காட்டுக்குள் விட்டால் வழக்கு. ஆண்டிலேயே நிலம் மிகக் குறுகும் மாதங்களில் மறைப்பில்லாத வெட்டையில் நெருங்கி நின்ற மாடுகளைத்தான் அந்தக் காற்று பிடித்தது. நட்ட ஈடு பற்றிப் பேசினார்கள். அடுத்த மாரிக்கு இவை எங்கே நிற்கும் என்று பேச ஒரு மன்றமே இருக்கவில்லை.

சபை அமைப்பதாகச் சொல்லிவிட்டு அமைக்காமல் விட்ட வரலாறும் எம்முன் உள்ளது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கால்நடை வளர்ப்பை மாகாணசபைக்குக் கொடுத்தது. அரச காணியின் பயன்பாட்டுக்கான கொள்கையை வகுக்க தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அரசாங்கம் நிறுவ வேண்டும், அதில் எல்லா மாகாணசபைகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. அந்த ஆணைக்குழு இன்றுவரை அமையவில்லை. வட மாகாணசபைக்கு 2013 செப்ரெம்பரில்தான் முதல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்த பின் மறு தேர்தல் இல்லை. மாடு மாகாணத்துக்கு, புல் கொழும்புக்கு என்று பங்கு பிரித்தார்கள். பின்னர் மாகாணத்தையும் ஆளுநரின் கையில் விட்டார்கள். நாளை ஒரு மேய்ச்சல் தரைச் சபையை அமைத்து, மாகாணத்தின் பிரதிநிதி என்று ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பினால், அதைப் பிரதிநிதித்துவம் என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

அமைத்த சபைகளிலும் யாரை இருத்தினார்கள் என்று பார்த்திருக்கிறோம். 2020 யூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுகளைக் காப்பதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், அமைத்த வேளையில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பாதுகாப்பு என்ற நல்ல சொல்லோடு வரும் சபை, ஆசனங்களை யாருக்குக் கொடுக்கிறது என்பதிலேயே தன் வேலையைப் பாதி முடித்துவிடுகிறது.

அதே கிழக்கில்தான் மயிலத்தமடு, மாதவனை. மட்டக்களப்புப் பண்ணையாளரின் மாரிகால மேய்ச்சல் தரை அது. நிலம் மகாவலி அதிகார சபையின் கீழ். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே பயிர்செய்யத் தொடங்கினார்கள். மாடுகள் சுடப்பட்டன, வாய்வெடியில் தாடை சிதறிச் செத்தன. 2023 செப்ரெம்பர் 15இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் மாதக்கணக்காக நீண்டது. நீதிமன்றமும் போனார்கள், ஜனாதிபதியையும் கண்டார்கள். ஆனால் தங்கள் தரையைப் பற்றி முடிவெடுக்கும் எந்தச் சபையிலும் அவர்கள் உறுப்பினர் அல்ல. கேட்பவர்களாகவே இருந்தார்கள். தெருவில் அத்தனை நாள் இருக்கவேண்டி வந்ததன் காரணம் அதுவே. உள்ளே ஒரு கதிரை இருந்திருந்தால், முதல் உழவு இயந்திரம் இறங்குமுன் அவர்களால் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியும்.

வடக்கிலும் 2025 மார்ச்சில் ஒரு வர்த்தமானி வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி என்றது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, யூனில் மீளப்பெற்றார்கள். நல்லது. ஆனால் தனிக் காணிக்கு உறுதியோடு ஒருவர் வருவார். பொதுத் தரவைக்கு எவர் எந்தப் பத்திரத்தோடு போவது? ஊரே மேய்த்த நிலத்துக்கு உரிமைகோர ஊருக்கு ஒரு சட்ட உருவம் வேண்டும். அது இல்லாதவரை அடுத்த வர்த்தமானியிலும் தரவைகளே முதலில் போகும்.

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து மேய்ப்பவரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்று, அதை ஆராயும் வேலையைக் கிராமசபையில் தொடங்கிவைக்கிறது. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. சில நாட்களில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று குறுக்கியது. சட்டத்தில் உரிமை எழுதினால் மட்டும் போதாது, முடிவெடுக்கும் இடத்தில் மேய்ப்பவர் இருக்கவும் வேண்டும் என்பதற்கு அது போதிய சாட்சி.

சரி, பட்டிக்காரருக்கு ஆசனம் என்றால் எந்தப் பட்டிக்காரர்? இதைக் கேட்காமல் அரசை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. நூறு, இருநூறு மாடு வைத்திருந்து ரவுணில் கடையும் வைத்திருப்பவர் ஒருவர். அந்த மாடுகளைக் கூலிக்கோ பங்குக் கன்றுக்கோ மேய்த்து, காட்டோரத்தில் படுத்தெழும்புகிறவர் இன்னொருவர். சங்கத்தின் பெயரில் கூட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் முன்னவர். எந்தத் தரவையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், யானை எந்தப் பக்கம் இறங்கும், எந்தப் புல் மங்கிக்கொண்டு போகிறது என்பதெல்லாம் பின்னவருக்குத்தான் தெரியும். அவர்களில் பலர், வன்செயல்களுக்குத் தப்பி எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். காணி இல்லை, கூட்டங்களில் பெயரும் இல்லை. நாலு மாடு வைத்து விடியப் பாலைக் கறந்து சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். போரில் கணவனை இழந்த குடும்பங்களில் பலவற்றுக்கு அதுதான் வருமானம். இவர்களை விட்டுவிட்டுப் பண்ணையாளர் பிரதிநிதி என்று ஒருவரை இருத்துவது, ஏற்கனவே கேட்கும் குரலுக்கு இன்னொரு ஒலிவாங்கி கொடுப்பதாகவே முடியும்.

கமக்காரர் அங்கே இருக்க வேண்டும். கதிர் பறியும் நேரத்தில் ஓரிரவில் வயலை மாடு அழித்தால் அவருடைய கடன் ஒரு போகம் நீளும். கட்டாக்காலி மாட்டைப் பற்றிய அவருடைய முறைப்பாடு நியாயமானது. ஆனால் கட்டாக்காலியை உண்டாக்குவது தரவை இல்லாமைதான். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் படுத்துக் கிடக்கும் மாட்டைப் பிடித்துத் தண்டம் அறவிடுவதால் அதற்கு மேய இடம் கிடைத்துவிடாது. வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் இருக்கட்டும்; அளவுக்கு மிஞ்சி மேய்ந்தால் தரவையும் கெடும், கன்றுமரம் எழும்பாது என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அவர்கள் தலைமையில் இருக்கக்கூடாது என்பதே எமது நிலை. எல்லைக்கல் நாட்டும் திணைக்களமே எல்லைத் தகராற்றைத் தீர்க்கும் நடுவராகவும் இருக்க முடியாது.

எனவே மாவட்டத்துக்கு ஒரு மேய்ச்சல் தரைச் சபை என்றால் அதன் பாதிக்கு மேற்பட்ட ஆசனங்கள் மாட்டால் வாழ்பவருக்கு. அதற்குள் கூலிக்கு மேய்ப்பவருக்கும் பால் கறந்து விற்கும் பெண்களுக்கும் தனித்தனி ஒதுக்கீடு, அவர்கள் தாங்களே தெரிந்தனுப்பும் ஆட்கள். தரவை பிரதேச செயலகப் பிரிவுகளைத் தாண்டிக் கிடப்பதால் பக்கத்து மாவட்டப் பட்டிகளும் வரும். அவர்களுக்கும் குரல் வேண்டும். கூட்டம் தமிழில் நடக்கவேண்டும், அறிக்கை தமிழில் கையில் கிடைக்கவேண்டும். மேய்ப்பவருக்கு அன்றைய கூலி போகாதபடி வரவுப்படியும் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேய்ச்சல் தரை என்று ஊர் காட்டும் நிலத்தில் எந்தத் திணைக்களம் எல்லை கீறினாலும் இந்தச் சபையின் எழுத்திலான சம்மதம் இல்லாமல் வர்த்தமானியில் அது ஏறக்கூடாது. கருத்துக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் சபை எமக்கு வேண்டாம்.

கொழும்பில் சட்டம் வர நாளாகும். வரும் காலபோகக் கூட்டத்துக்கு நாளாகாது. உடையார்கட்டிலும் அயற் குளங்களிலும் உள்ள கமக்காரர் அமைப்புகளிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். இம்முறை மேய்ப்பவரில் இருவரை முன்வரிசைக்கு அழையுங்கள். கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதியோடு, அவை போகவேண்டிய தரவையின் பெயரையும் தீர்மானத்தில் எழுதுங்கள். அந்தப் பெயரைப் பிரதேச செயலாளரும் வனவள அலுவலரும் ஒப்பமிட்டு ஏற்கும்வரை திகதியை எழுதாதீர்கள்.