ஒரு வேலைக்காக ஒரு ஜனாதிபதி



வெள்ளாண்மை வெட்டு முடிந்து தம்பலகாமம் சற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் எங்கள் இதழ் அலுவலகப் படியேறுகிறவர்கள் எல்லாரும் சந்தா கட்ட வருவதில்லை. "ஐயாவுக்கு எல்லாரையும் தெரியுமே, மகளுக்கு ஒரு வேலை... எம்.பி.யிட்ட ஒரு கடிதம்..." என்று இழுப்பார்கள். தேத்தண்ணி கொடுக்க முடிகிறது, கடிதம் முடிவதில்லை. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை மட்டும் உண்டு.

லிங்கனுக்குப் பின் வந்த அமெரிக்க ஜனாதிபதிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் விழிப்போம். படங்களில் பெரும்பாலும் தாடிதான் தெரியும். அந்தத் தாடிகளில் ஒன்று ஜேம்ஸ் கார்ஃபீல்ட். மரக்குடிசையில் பிறந்து, தகப்பனைக் குழந்தையிலேயே இழந்து, கால்வாய்ப் படகை இழுக்கும் விலங்குகளை ஓட்டி, கூட்டிப் பெருக்கிப் படித்தவர். 1881 மார்ச்சில் பதவியேற்றார். அந்தக் காலத்தில் அங்கே கட்சி வென்றால் தபால் அதிபர் முதல் எழுதுவினைஞர் வரை வேலையெல்லாம் கட்சிக்காரருக்குத்தான். வெள்ளை மாளிகையில் மனுக்காரர் கூட்டம் நெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் சார்ல்ஸ் கிட்டோ என்று ஒருவன். தேர்தலுக்குத் தான் அச்சடித்துக் கொடுத்த ஒரு பேச்சால்தான் கார்ஃபீல்ட் வென்றார் என்பது அவன் நம்பிக்கை. கூலியாகப் பாரிஸில் கொன்சல் பதவி கேட்டு மாதக்கணக்கில் அலைந்தான். கடைசியில் வெளியுறவு அமைச்சரே இனி அந்தப் பதவியைப் பற்றிப் பேசாதே என்று விரட்டினார். அவன் துப்பாக்கி வாங்கினான். தந்தப் பிடி வைத்ததுதான் வேண்டுமாம், நாளைக்கு அருங்காட்சியகத்தில் வைத்தால் அழகாக இருக்குமே என்று! ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்டைச் சுட்டான். வைத்தியர்கள் கழுவாத விரலால் காயத்தைத் துழாவித் துழாவிச் சீழ் பிடிக்க வைத்தார்கள். செப்டெம்பர் 19 அன்று உயிர் போனது.

அடுத்து வந்த செஸ்டர் ஆதர், கட்சிச் செல்வாக்கால் நியூயோர்க் சுங்கத் தலைமைப் பதவியில் இருந்து கொழுத்தவர். அவர் கையாலேயே 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் கையெழுத்தானது. பரீட்சை எழுதித் தேறினால் வேலை. அதுவும் முதலில் பத்தில் ஒரு பங்கு பதவிகளுக்குத்தான்.

நம்முடைய பொன்னம்பலம் அருணாசலம் 1875இலேயே லண்டனில் திறந்த போட்டிப் பரீட்சை எழுதி இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்துவிட்டார். அந்த வழியில் போன முதல் இலங்கையர் அவர்தான். அதற்கும் லண்டன் போகப் பணம் வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

இந்த இதழிலிருந்து போட்டிப் பரீட்சைகளுக்கான மாதிரி வினாக்களைத் தொடங்குகிறோம். மாணவர் பக்கத்தில், கார்ஃபீல்ட் ஜனாதிபதியாகும் முன்னர், 1876இல் ஒரு சரிவகத்தை வைத்துப் பைதகரஸ் தேற்றத்தை நிறுவிய முறை படத்துடன் வருகிறது. சாதாரண தரப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். கணித ஆசிரியர்கள் சரிபார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்