துருவுக்கு ஏன் இத்தனை மரியாதை?



பள்ளி, பாடநூல், தேர்வு என்றே எழுதிவந்த நான் இன்று ஒரு மகிழுந்தைப் பற்றி எழுதப் போகிறேன். ஓர் ஆசிரியருக்கு இது தேவையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்! கடந்த நான்கு மாதங்களாக எங்கள் குடும்பத்தில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எங்கள் தந்தையார் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். 1970-களில் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், தாய்நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஓடாமல் நின்றுபோன தம் எம்.ஜி.பி. வண்டியைச் சொற்ப விலைக்குத் தந்தையாரிடம் விட்டுச் சென்றார். 1965-ஆம் ஆண்டு வண்டி. இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி இயந்திரம், இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர்கள், இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இக்கால வண்டிகளுக்கு மாறாக, பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இதை அறியாதவர் எவரும் அந்த மின்கம்பிகளைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தந்தையார் 1991 வரை அதை ஓட்டினார். பிறகு வீட்டின் பின்புறக் கொட்டகையில் கித்தான் போர்த்தி நிறுத்தினார். அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பே வண்டியை என் பெயருக்கு மாற்றியிருந்தார். கித்தானை எவரும் விலக்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு வந்த என் தம்பி அதை விலக்கினான். கண் கலங்கினான். "அண்ணே, இதைப் புதுசு மாதிரி ஆக்கணும். அப்பா நினைவு. சேமநிதியில் இருந்து எடுத்துப் போடுகிறேன்" என்றான். அவனுக்கு இவ்வாண்டு ஐம்பத்தைந்து வயது. மகளோ பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கிறாள். அக்காவின் தீர்ப்பு வேறு: "பழைய இரும்புக்காரனைக் கூப்பிடு." இருவருக்கும் நடுவில் நான்.

முடிவெடுக்கும் முன், அறிந்தவர் ஒருவரிடம் காட்டுவோம் என்று என் பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு காந்தம், ஒரு திருப்புளி, ஒரு கைவிளக்கு, இவ்வளவுதான் கொண்டு வந்தார். கதவுக்குக் கீழே வண்டியின் நீளவாக்கில் ஓடும் விளிம்பில் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. உள்ளே இரும்பே இல்லை, என்றோ பூசிய பட்டிப் பசையும் சாயமும் மட்டுமே! திருப்புளியால் மெல்ல அழுத்தினார், பிடிவரை உள்ளே போயிற்று. ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவின் இடைவெளி மாறியது. கதவைச் சாத்த முடியவில்லை.

"சார், இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. இந்த விளிம்புதான் முதுகெலும்பு. மேலே கூரையும் இல்லை. இது போனால் வண்டி நடுவில் மடியும்" என்றார். வெளித்தகடு, உள்தகடு, அடித்தகடு என மூன்றையும் இருபுறமும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டுமாம். அப்போது உடல் கோணாமல் இருக்கக் கதவு வாயில்களுக்கு இரும்புத் தாங்கல் கொடுக்க வேண்டுமாம். தரைத்தகடும் போய்விட்டது. இயந்திரம் இறுகிக் கிடந்தாலும் அது சிறிய வேலை என்றார். செலவெல்லாம் உடலில்தான். தோராயமாக ஒரு தொகை சொன்னார். முழுதும் முடித்து, மெருகேற்றி விற்றாலும் அதில் பாதிகூட வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இங்கேதான் என் வழக்குத் தொடங்குகிறது.

"பழைய வண்டி, விலை ஏறும்" என்பார் முதலில் வருவார். எம்.ஜி.பி. அரிய வண்டி அன்று. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில், கூரை மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்து, 500,000-க்கும் மேல் செய்யப்பட்டது. "உதிரிப்பாகம் எல்லாம் கிடைக்கிறதே" என்பார் அடுத்தவர். உண்மைதான், அளவுக்கு மீறியே கிடைக்கிறது. 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடற்கூட்டையும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே பணம் இருந்தால் உடலைப் புதிதாக வாங்கலாம், இருக்கை, கம்பி, விளக்கு எல்லாம் வாங்கலாம். எண் பலகையை மட்டும் பழையதாக மாட்டிக்கொண்டு, "இது எங்கள் அப்பாவின் வண்டி" என்று ஊர்வலம் வரலாம்!

நான் கேட்பது இதுதான். அதில் எங்கள் அப்பா எங்கே இருக்கிறார்?

கைவிளக்கின் ஒளியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓட்டுநரின் காலடியில், தரைத்தகடு அரித்த இடத்தில், ஒரு பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டையாக்கி ஆணியறைந்திருந்தார் தந்தையார். அதில் பாதிப் பூவும் சில எழுத்துகளும் இன்னும் தெரிகின்றன. பின்விளக்குக்குப் போகும் கம்பி ஆலையின் நீரிறைப்பிக்கு உரியது. அதன் சிவப்பு உறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாய்ப் பட்டைகளில் ஒன்று ரப்பர்ப்பால் வாளியின் கைப்பிடிக் கம்பி. மாதச் சம்பளத்தில் எண்மரைக் காத்த ஒரு மனிதர், இங்கிலாந்துப் பாகத்துக்குக் காசில்லாமல் தம் கையால் கண்ட வழிகள் இவை. "புதுசு மாதிரி" ஆக்கும் எந்தப் பட்டறையும் முதலில் குப்பையில் போடுவது இவற்றைத்தான். துரை வாங்கிய வண்டியை மீட்பதற்காக அப்பா செய்த வண்டியை அழிக்க வேண்டும்! இதற்குத் தம்பி தன் முதுமைக்கால நிதியைச் செலவிட வேண்டும்!

அப்படியானால் கித்தானுக்குள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு ஈரக்காற்றில் போர்வை போட்ட இரும்பு மூச்சுவிட வழியின்றி உள்ளிருந்தே அரிக்கும். "ஒருநாள் செய்வோம்" என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சொன்னோமே, அந்தச் சொல்தான் விளிம்பைத் தின்றது. செய்யவும் மாட்டோம், செய்பவரிடம் கொடுக்கவும் மாட்டோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பாசம்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கைவிளக்கோடு வந்த அந்த மாணவர் 1998-இல் என் வகுப்பில் ஆறாம் ஆண்டு பயின்றவர். "நீ பட்டறைக்குத்தான் லாயக்கு" என்று வகுப்பறையில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், அவரைச் சொன்னவன் நானேதான். வசையாகத்தான் சொன்னேன். பட்டறையில் வேலை பார்த்த தகப்பனின் சோற்றை உண்டு ஆசிரியரானவன் சொன்ன சொல் அது! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அந்த வசை மட்டும் நீங்கவில்லை, சென்ற மாதம்கூட ஒரு பெற்றோர் தம் மகனைப் பார்த்து என் எதிரிலேயே சொன்னார். திருப்புளியைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு, அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லை சார்" என்றார். அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பட்டறையில் மூன்று இளைஞர்கள் வேலை பழகுகிறார்கள். பற்றவைப்பு கற்கப் பழைய கதவுகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரே கேட்டார்: "சார், எனக்குத் தருகிறீர்களா? மினுக்க மாட்டேன். விளிம்பும் தரையும் பிரேக்கும் புதிதாகச் செய்தாக வேண்டும், அது உயிர் விஷயம். சாயத்தில் கை வைக்க மாட்டேன். பையன்கள் வேலை கற்றுக்கொள்வார்கள், மெதுவாக ஓட வைப்போம்."

ஒரு வெள்ளிக்குக் கொடுத்தேன். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்தும் இட்டேன். தம்பியைக் கேட்காமல் செய்தது தவறு, அதை மறுக்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு முப்பது ஆண்டு போயிருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, "அப்பாவை ஒரு வெள்ளிக்கு வித்துட்டீங்க" என்று கூறித் துண்டித்தான். ஆறு வாரம் பேச்சில்லை.

வண்டியை ஏற்றிச் செல்லும் முன், மாணவர் ஆணிகளைத் துளையிட்டு அந்த பிஸ்கட் டின் தகட்டைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். இவ்வளவு வீரம் பேசிய நான் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்றிரவு தம்பி அழைத்தான். நலம் விசாரிக்கவில்லை, வண்டியைப் பற்றியும் கேட்கவில்லை.

"அண்ணே, அந்தத் தகரம் யார்கிட்ட இருக்கு?"